கணவன் பெயரைச் சொன்னவள்

எங்கள் பழைய நாடாளுமன்றத் தொகுதியின் வரலாற்றை யாரோ ஒரே பக்கத்தில் எழுதி முடித்துவிட்டார்கள். சென்ற மாதம் என் மகன் அதைக் கைப்பேசியில் காட்டினான். இந்தத் தேர்தலில் இவர் வென்றார், வாக்கு வித்தியாசம் இவ்வளவு. அடுத்த தேர்தலில் அவர் வென்றார், வித்தியாசம் இவ்வளவு. கடைசியில், எல்லைகளை மாற்றி வரைந்தபோது இத்தொகுதி நீக்கப்பட்டது என்று ஒரு வரி. அவ்வளவுதான். கருமாதிப் பத்திரிகையில்கூட இதைவிட நாலு வரி கூடுதலாக இருக்கும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் போட்ட சத்தத்தில் மகன் கைப்பேசியை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான். அவனுக்கு என்ன தெரியும்? அந்தப் பட்டியலில் ஒரு தேர்தல் கணக்கில் ஒரு ஓட்டு தப்பு. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அது எங்கள் வீட்டு ஓட்டு.

அப்போது எனக்குப் பத்து வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்புறம், எட்டுக் குடித்தனங்கள் வரிசையாக இருந்த ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அப்பா எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டினார். எட்டுக் குடித்தனத்துக்கும் ஒரே அடிபம்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. செங்குன்றம் ஏரி எங்களுக்கு ஒன்றும் தூரமில்லை; அப்பா சைக்கிளில் போய்வருவார். ஆனால் ஏரித் தண்ணீர் எங்களைத் தாண்டிப் பட்டணத்துக்குப் போனது. எங்களுக்கு வாரம் ஒரு லாரி. அதுவும் டிரைவர் மனது வைத்தால். லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடி விழுந்ததில் என் அம்மாவின் முன்பல் பாதி உடைந்திருந்தது.

நான் சொல்லும் தேர்தலுக்கு முந்தைய தேர்தலில் வேட்பாளர் ஜீப்பில் எங்கள் தெருவுக்கு வந்தாராம். அம்மா காலிக் குடத்தோடு ஜீப்பை மறித்து நின்றாளாம். "ஆறே மாசம், உன் வாசல்ல குழாய்" என்று அவர் தன் கழுத்து மாலையைக் கழற்றி அந்தக் குடத்தின் மேல் போட்டாராம். அம்மா நம்பினாள், ஓட்டுப் போட்டாள். அவர் வென்றார், டில்லிக்குப் போனார், அதோடு சரி. தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போடுவது எம்.பி.யின் வேலையே இல்லை, அது நகராட்சி வேலை என்று பிற்காலத்தில் படித்தவர்கள் எனக்கு விளக்கினார்கள். இருக்கட்டுமே. ஜீப்பில் நின்றபோது அந்த மகானுக்கு மட்டும் அது தெரியாமல் போய்விட்டதா?

அம்மா அடுத்த தேர்தலுக்காகக் காத்திருந்தாள். மற்ற பெண்கள் தீபாவளிக்குக் காத்திருப்பதைப்போல அவள் அதற்குக் காத்திருந்தாள். பம்படியில் கைப்பிடியை அழுத்தும் ஒவ்வொரு முறையும், "வரட்டும், இந்த வாட்டி அவனுக்கு இல்ல என் குத்து" என்பாள். அவளிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்த ரப்பர் முத்திரைதான். அதையும் சரியாகப் பிடித்துக் குத்துவதைப் பற்றி எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியிருந்தாள்.

வீட்டில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். அத்தை, அப்பாவின் தங்கை. வேப்பம்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் கணவர் இன்னொருத்தியைக் கூட்டிவந்து அதே வீட்டில் வைத்துக்கொண்ட பிறகு, அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. யார் கேட்டாலும் அப்பா, "தங்கச்சி வந்துகீது, நாலு நாள்ல ஊருக்குப் போயிடும்" என்பார். வந்து கூட்டிப்போகச் சொல்லி மாதம் தவறாமல் மச்சானுக்கு ஒரு தபால் கார்டு எழுதுவார். பதில் வந்ததில்லை. ரேஷன் கார்டில் அத்தையின் பெயர் இல்லை. வாக்காளர் பட்டியலிலும் இல்லை. வேப்பம்பட்டில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள், இங்கே யாரும் எழுதவில்லை. நாலு நாளில் போகிறவளுக்கு எதற்குப் பெயர்?

தேர்தலுக்கு முதல் நாள் கட்சிக்காரன் ஒருவன் வீடு வீடாகப் பூத் சீட்டு கொடுத்துக்கொண்டு வந்தான். அம்மா பம்படியில் இருந்தாள். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தையிடம், "இந்த ஊட்டு அம்மா நீதானே? இந்தா, உன்னுது ஒண்ணு, ஊட்டுக்காரருது ஒண்ணு. மத்தியானம் கூட்டம் ஏறிடும், காலைலயே வந்து குத்திட்டுப் போ" என்று இரண்டு சீட்டுகளைக் கொடுத்தான். இதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்று ராத்திரி அத்தை அப்பாவிடம் ஒரு சீட்டைத்தான் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் அத்தை அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு மாவு மிஷினுக்குப் போனாள். மிஷின், ஓட்டுச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் இருந்தது. அப்பா ஓட்டுப் போட்டுவிட்டுச் சிநேகிதர்களைப் பார்க்கப் போய்விட்டார். அம்மா சமையலை முடித்து, தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குக் கட்டும் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் சாட்டின் பாவாடை. சீட்டு வரவில்லையே என்று கட்சிக்காரர்களைத் திட்டிக்கொண்டே போனாள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் பட்டியலைப் பார்த்துப் புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

பெண்கள் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றோம். நானே ஓட்டுப் போடக் காத்திருப்பதைப்போல எனக்கு ஒரே பெருமை. உள்ளே போனதும் முதல் மேசையில் இருந்தவர் பட்டியலில் விரலை வைத்து இறக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்த ஓட்டு போட்டாச்சும்மா."

"இன்னா சார் சொல்றே? நான் இங்க நிக்கறேன். எவ போட்டா?" அம்மா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். பத்து விரலிலும் மஞ்சளைத் தவிர வேறு கறை இல்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி எழுந்து வந்தார். தங்க ஃபிரேம் கண்ணாடி, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. அவர் பட்டியலைப் பார்த்துக்கொண்டு, உன் பெயர் என்ன என்று கேட்டார். அம்மா சொன்னாள். கணவர் பெயர் என்ன என்று கேட்டார். அம்மா அதையும் இனிஷியலோடு கணீரென்று சொன்னாள்.

வரிசையில் நின்ற பெண்கள் சிலர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள், அல்லது பிள்ளையை முன்னால் தள்ளிச் சொல்லச் சொல்வார்கள். என் அம்மாவும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவள்தான். அப்பாவின் சுண்டுவிரல் மெஷினில் சிக்கிய அன்று ஆஸ்பத்திரி ஜன்னலில் பெயர் கேட்டிருக்கிறார்கள். அம்மா சொல்லமாட்டாமல் விழித்திருக்கிறாள். பின்னால் வந்த நாலு பேருக்குச் சீட்டு எழுதிவிட்டார்கள், அப்பா ரத்தம் ஒழுகப் பெஞ்சில் கிடந்திருக்கிறார். அதற்கப்புறம் அம்மா யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவர் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். பெயர் வைத்தது கூப்பிடத்தானே என்பாள்.

ஆனால் அந்த அதிகாரிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவருக்கு அவசியமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"காலைல ஒரு அம்மா வந்தாங்க. புருஷன் பேரு கேட்டதுக்குத் தலை குனிஞ்சாங்க, நிமிரவே இல்ல. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அது குடும்பப் பொம்பள. நீ என்னம்மா, ஏலம் விடற மாதிரி சொல்றே? யார் ஓட்டைப் போட வந்தே?"

சொந்த வீட்டுக்காரரின் பெயரைத் தயங்காமல் சொன்னது என் அம்மா செய்த குற்றம். பெயரைச் சொல்லாமல் தலை குனிந்தது இன்னொருத்திக்கு அத்தாட்சி. இந்தச் சட்டத்தை எந்தப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்தாரோ அந்தப் பெரிய மனிதர். அம்மாவின் கழுத்து சிவந்துபோயிற்று. நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாதான் இது, எங்கம்மாதான்" என்று கத்தினேன். குழந்தையை வெளியே அனுப்புங்கள் என்றார் அதிகாரி.

எதிர்க்கட்சியின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த ஒல்லியான ஆள்தான் எழுந்து சண்டை போட்டான். பக்கத்துக் குடித்தனத்துப் பெண்கள் இரண்டு பேரும் சாட்சி சொன்னார்கள். கடைசியில் அதிகாரி வேண்டா வெறுப்பாக ஒரு வாக்குச்சீட்டைக் கொடுத்தார். அம்மா மறைவுக்குப் போய்க் குத்தி, மடித்து எடுத்துவந்தாள். பெட்டியில் போடப் போனவளைத் தடுத்து, அதை வாங்கி ஒரு கவரில் வைத்தார்.

"பொட்டில போடாம கவர்ல ஏன் சார் வெக்கறே? இத எண்ணுவீங்களா?"

"எண்ணமாட்டோம். கேஸ் நடந்தா கோர்ட்டுல பிரிப்பாங்க."

ஐந்து வருடம் காத்திருந்து குத்திய குத்து, ஒரு பழுப்புக் கவருக்குள் போயிற்று. திரும்பி வரும்போது அம்மா என் கையை இழுத்துக்கொண்டு ஓட்டமாக நடந்தாள். வீட்டு வாசலுக்கு வந்தபின்தான் வெடித்தாள். எட்டுக் குடித்தனமும் கூடிவிட்டது. என் பெயரில் போட்டவள் எவளானாலும் அவள் கையை உடைக்காமல் விடமாட்டேன் என்றாள். நானும் அவளோடு சேர்ந்து அழுது, கத்தி, சபதம் செய்தேன். அத்தை உள்ளே அடுப்படியில் மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

மதியம் மூன்று மணிவாக்கில் அந்த ஒல்லியான ஏஜெண்ட் ஒரு முழுநீளத் தாளோடு வந்துவிட்டான். எல்லாம் எழுதி வைத்திருந்தான், அம்மா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. "போடுக்கா. அந்தப் பொம்பள இந்தப் பக்கத்துக்காரிதான். போலீஸ்ல சொல்லித் தூக்கி உள்ள வெச்சிடலாம். இந்தப் பூத்துக்கே மறுபடி எலெக்சன் கேக்கலாம்" என்றான். அம்மா பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினாள்.

அத்தை அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். யாருக்கு எதைக் கொடுத்தாலும் அவள் இரண்டு கையாலும் பிடித்துக் கொடுப்பாள். அன்று வலது கையால் மட்டும் டம்ளரை நீட்டினாள். இடது கை முந்தானைக்குள் இருந்தது. எனக்கு எப்படித்தான் அந்தப் புத்தி வந்ததோ, எட்டி முந்தானையை இழுத்தேன். ஆள்காட்டி விரலில் நகத்துக்கும் தோலுக்கும் சேர்த்துக் கறுப்பாக மை. அதைச் சுற்றித் தோல் சிவந்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

"அத்தைதான்! அத்தைதான் கள்ள ஓட்டு போட்டது! நேத்து சீட்ட அத்தைகிட்டதான் குடுத்தாங்க!"

அந்த விரலைப் பிடித்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு பெரிய உண்மையை நான் கண்டுபிடித்ததில்லை. அம்மா என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று திரும்பினேன். பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

"வாய மூடு. பொய்யி, எல்லாம் பொய்யி." அம்மா அத்தையின் கையை என்னிடமிருந்து பிடுங்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு ஏஜெண்டிடம் சொன்னாள்: "அவளுக்கு வேப்பம்பட்டுல ஓட்டு கீது. காலைல மொத ட்ரெயின்ல போயி போட்டுட்டு வந்தா. புருஷன் ஊட்டு ஓட்டு அது."

அவன் அத்தையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். "அப்போ கையெழுத்து?"

"வாணாம்பா. போனது போவட்டும். நீ கெளம்பு."

கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். எட்டுக் குடித்தனத்திலும் அந்த ரயில் கதையை நம்பியவர்கள் ஒருவர்கூட இருந்திருக்கமாட்டார்கள். ஆனாலும் பம்படியில் நாள் முழுக்க வம்பு பேசும் அந்த வாய்களில் ஒன்றுகூட அன்று திறக்கவில்லை. எனக்கோ அநியாயம் என்றால் இதுதான் அநியாயம் என்று தோன்றியது. உண்மையைச் சொன்ன அம்மாவை நம்பாத அந்த அதிகாரிக்கும், உண்மையைச் சொன்ன என்னை அறைந்த அம்மாவுக்கும் என்ன வித்தியாசம்? சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

படுத்திருந்தவளுக்கு அடுப்படிப் பேச்சு கேட்டது. அம்மா, "எவனுக்குக் குத்தினே?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீ சொல்றவனுக்குதான் அண்ணி." அத்தை மூக்கை உறிஞ்சினாள். "மிஷினுக்குத்தான் போனேன். எல்லாரும் வரிசைல நின்னாங்க, நானும் நின்னுட்டேன். அந்த ஆளு புருஷன் பேரு இன்னான்னு கேட்டாரு. சீட்டுல அண்ணன் பேரு இருக்கு. எங்கண்ணன் பேர நான் எப்படி அண்ணி அங்க சொல்லுவேன்? அப்படியே பூமிக்குள்ள பூந்துடலாம்னு இருந்துச்சு. அவரு சிரிச்சிட்டு, போம்மா போம்மான்னு சீட்ட குடுத்துட்டாரு."

அம்மா அத்தைக்குச் சோறு போடும் சத்தம் கேட்டது. குடும்பப் பெண்ணின் நாணம் என்று அந்தக் கண்ணாடிக்காரர் மெச்சினாரே, அது ஒரு பெண் கூடப்பிறந்தவனைக் கணவன் என்று சொல்ல நாக்கு எழாமல் நின்ற நிலை. ஊரிலுள்ள எல்லாப் பெண்களையும் படித்து வைத்திருந்த மேதாவி. இதை நினைத்து நான் கொதிப்பதெல்லாம் இப்போதுதான். அன்று எனக்கிருந்த கோபம் முழுக்க அத்தை மேல்தான். மூன்று வருடம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அம்மாவின் ஓட்டைத் திருடியவள். அடுத்த பல வாரங்கள் அவள் பின்னிவிட வந்தால் தலையைக் கொடுக்கமாட்டேன். சடையை நானே கோணலாகப் பின்னிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

பழைய ஆளே மறுபடி வென்றார். வேட்டுச் சத்தம் எங்கள் தெருவரை கேட்டது. அம்மா பம்பை அடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாக்காளர் பட்டியலைத் திருத்துவதற்காக ஒரு வாத்தியார் பெரிய நோட்டோடு வந்தார். அப்பா ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். இந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று வாத்தியார் கேட்டார்.

"ரெண்டு" என்றார் அப்பா.

"மூணு" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "இவரு தங்கச்சி பேர எழுதிக்க சார். அப்பா பேரு போட்டு எழுது. புருஷன் பேரு வாணாம்."

வாத்தியார் அப்பாவைப் பார்த்தார். "நிரந்தரமா இங்கதான் இருக்காங்களா? ஊருக்குப் போறவங்கன்னா எழுதக்கூடாது. பின்னால பிரச்சினை ஆயிடும்."

அன்று காலைதான் அப்பா மச்சானுக்கு ஒரு கார்டு எழுதி, தபால் பெட்டியில் போட என்னிடம் கொடுத்திருந்தார். அது இன்னும் என் கணக்கு நோட்டுக்குள் இருந்தது. அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது. திருடியவளை அடிக்காமல் விட்டதுமில்லாமல், அவளுக்கென்று தனியாக ஓர் ஓட்டை வேறு எழுதி வாங்கிக் கொடுக்கிறாளே இந்த அம்மா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லுங்க, இங்கதானா?" என்றார் வாத்தியார்.

"இங்கதான் சார்" என்றார் அப்பா. "இனிமே இங்கதான்." சொல்லிவிட்டுத் தோள் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. மெஷினில் விரல் போனபோதுகூட அழாத மனிதர் என்று அம்மா சொல்வாள். வாத்தியார் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு, அத்தையின் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினார். வீட்டில் ஓர் ஓட்டு கூடியதற்கு இவர் எதற்காக அழுகிறார் என்று எனக்கு அப்பாமீதும் கோபம்தான் வந்தது.